துரோகம்: ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிழை திருத்துவது என் பிழைப்பு. கட்டுரை, கதை, கட்சி அறிக்கை, கல்யாண மலர் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் சொல் இது. ஒற்று மிகுமா என்று கேட்பவரும் உண்டு, எட்டப்பன் நிஜமாகவே துரோகியா என்று கேட்பவரும் உண்டு. இதுவரை சொன்ன பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

துரோகம் என்றால் என்ன?

நம்பியவருக்கு, அந்த நம்பிக்கையை வைத்தே செய்யும் கேடு.

எதிரி வந்து வைக்கோல் போரைக் கொளுத்தினால் அது பகை. முகம் தெரியாதவன் பூட்டை உடைத்தால் களவு. ஊருக்குப் போகும்போது நாம் சாவி கொடுத்துவிட்டுப் போன ஆள் அதே சாவியால் பீரோவைத் திறந்தால்தான் துரோகம். உறவோ, நட்போ, உண்ட சோறோ, வாங்கிய சம்பளமோ ஏதோ ஒரு கட்டு முன்பே இருந்திருக்க வேண்டும். அதனால் யாராவது ‘துரோகி’ என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ‘யாருக்கு?’ என்றுதான். பாதி வழக்குகள் அந்தக் கேள்வியிலேயே குழம்பிவிடும்.

இது தமிழ்ச் சொல்லா?

வடமொழி ‘த்ரோஹ’ என்பதிலிருந்து வந்தது. தமிழில் சொல்லின் முதலில் மெய்யெழுத்து தனியாக நிற்காது. எனவே ஓர் உகரம் ஏறித் ‘துரோ’ ஆயிற்று. ஹகரம் ககரம் ஆயிற்று. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய வடசொல்லை ஏற்கலாம் என்று தொல்காப்பியம் எச்சவியலில் விட்ட வழியிலேயே வந்திருக்கிறது.

மூலமான ‘த்ருஹ்’ என்ற வேருக்கு வடமொழியில் தீங்கு நினைத்தல், பகைமை கொள்ளுதல் என்று பொருள். அதே குடும்பத்துச் சொல் பழைய பாரசீகத்தில் ‘ட்ரௌக’. அங்கே அதற்குப் பொருள் பொய். ஈரானின் பெகிஸ்தூன் மலைப்பாறையில் பாரசீக மன்னன் தாரியஸ், நாட்டில் பொய் பெருகிவிட்டது என்று தன் எதிரிகளைப் பற்றி வெட்டிவைத்ததில் இந்தச் சொல்தான் இருக்கிறது. 2500 ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டு. நம் ஊர்ச் சொல்லுக்கு அங்கே ஓர் ஒன்றுவிட்ட அண்ணன் இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

அப்படியானால் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் எது?

இரண்டகம். இரண்டு + அகம்: ஒரு நெஞ்சுக்குள் இரண்டு நெஞ்சு. ‘உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்காதே’ என்று என் பாட்டி சொல்வாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. தனித்தமிழ் இயக்கமும் தெரியாது. அகராதியைப் பார்த்து ஆக்கிய சொல்லாக இருந்தால் அவள் வாயில் வந்திருக்காது. ‘துரோகம்’ நடந்து முடிந்த செயலைக் காட்டுகிறது. ‘இரண்டகம்’ அதற்கு முன்பே, எதிரில் சிரித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் உள்ளே என்ன இருந்தது என்பதைக் காட்டுகிறது. என்னைக் கேட்டால் இரண்டில் கூர்மையான சொல் இதுதான். ஆனால் இன்றைய வாசகர் பலருக்கு விளக்கவேண்டி வரும். கோபமாகச் சொல்லவேண்டிய இடத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஏமாற்று, மோசடி, வஞ்சனை, துரோகம்: எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. வேற்றுமை உருபே காட்டிக் கொடுத்துவிடும். ‘என்னை ஏமாற்றினான்’, ‘என்னை வஞ்சித்தான்’ என்கிறோம், இரண்டிலும் ‘ஐ’. ஆனால் ‘எனக்குத் துரோகம் செய்தான்’ என்றுதான் சொல்ல வரும், அங்கே ‘கு’. உதவி செய்வதும் ‘எனக்கு’, கடமை செய்வதும் ‘எனக்கு’. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் அதற்கு மாறானதைக் கொடுத்தான் என்ற கணக்கு அந்த நான்காம் வேற்றுமைக்குள் இருக்கிறது.

ஏமாற்ற அறிமுகமே வேண்டாம். பேருந்து நிலையத்தில் பித்தளையைத் தங்கம் என்று விற்கலாம். மோசடி பெரும்பாலும் பணத்தோடும் பத்திரத்தோடும் திரியும் சொல். காவல்துறைச் செய்தியில் வரும் ‘நம்பிக்கை மோசடி’ ஒரு தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 406, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 316. ஒப்படைத்த பொருளைத் தனதாக்கிக்கொள்வதுதான் அது. ‘நம்பிக்கைத் துரோகம்’ என்று எந்தக் காவல் நிலையத்திலும் வழக்குப் பதிய மாட்டார்கள். மனம் உடைந்ததற்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது.

வஞ்சனை கொஞ்சம் மென்மையாகவும் வரும். ‘வயித்துக்கு வஞ்சனை பண்ணாம சாப்பிடு’ என்பார்கள். அந்த இடத்தில் துரோகம் என்று போட்டால் பந்தியே சிரிக்கும்.

வஞ்சினமும் வஞ்சனையும் ஒன்றா?

இல்லை. வஞ்சினம் என்பது சூளுரை, சபதம். மதுரையை எரித்த கண்ணகி உரைத்தது வஞ்சினம். யாரையும் வஞ்சித்ததல்ல.

சங்க இலக்கியத்திலும் குறளிலும் துரோகம் இல்லையா?

திருக்குறளில் அந்தச் சொல் இல்லை. பொருள் நிறைய இருக்கிறது. ஒரே சொல்லில் நாம் அடைத்துவிட்டதை வள்ளுவர் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். தீ நட்பு ஓர் அதிகாரம், கூடா நட்பு இன்னோர் அதிகாரம், உட்பகை வேறோர் அதிகாரம். உட்பகையில் ஓர் உவமை வரும்: செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே. சிமிழும் மூடியும் ஒட்டியிருப்பது போலத்தான் தெரியும், எடுத்தால் இரண்டு. பாட்டியின் ரெண்டகம் இதுவேதான். அதே அதிகாரத்தில், வாளைப்போல் வெளிப்படையாக நிற்கும் பகைவருக்கு அஞ்ச வேண்டாம், உறவைப்போல் நிற்கும் பகைவரின் தொடர்புக்கு அஞ்சு என்றும் சொல்கிறார்.

நன்றி மறப்பதற்குப் பழந்தமிழ் பயன்படுத்திய வினையைக் கவனியுங்கள்: கொல்லுதல். ‘செய்ந்நன்றி கொன்ற மகற்கு’ என்கிறது குறள். அதற்கும் முன்னால் புறநானூற்றின் 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனிடம், பசுவின் மடியை அறுத்தவனுக்குக்கூட மீட்சி உண்டு, ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்று அறம் பாடியதாகச் சொல்கிறார். ‘செய்தி’ என்றால் அங்கே நாளிதழ்ச் செய்தி இல்லை, செய்த உதவி. மறத்தல், மறுத்தல் என்று மெல்லிய சொற்கள் கையில் இருந்தும் கொலை என்றே எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் ‘துரோகி’ என்று எழுதப்பட்டதற்குப் பழைய சான்று உண்டா?

உண்டு, பத்தாம் நூற்றாண்டிலேயே. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் அரியணை ஏறியது 985. அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ‘துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகிய சகோதரர்களின் நிலங்களையும் உறவினர் நிலங்களையும் பறிமுதல் செய்வது குறித்து வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணை அதில் இருக்கிறது.

கொலைகாரர் என்றோ பகைவர் என்றோ எழுதாமல் துரோகி என்று ஏன் எழுதினார்கள்? பெயர்களோடு ஒட்டியிருக்கும் பட்டங்களைப் பாருங்கள். ரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராஜன்’. பரமேஸ்வரன் ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’. பிரமாதிராஜன் என்பது அந்தணர் குலத்து உயர் அதிகாரிகள் தாங்கிய பட்டம். ஒருவன் பெயரில் சோழனே இருக்கிறான். கொலைக்கு என்ன காரணம், பின்னால் யார் என்று ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள், எழுதட்டும். எனக்கு அந்த ஒரு சொல் போதும்: சோழ அரசு அவர்களைத் தன் உள்வீட்டு ஆளாகத்தான் எண்ணியிருக்கிறது.

கல்வெட்டுகளில் சிவத்துரோகி, ராஜத்துரோகி, கிராமத்துரோகி என்றெல்லாம் வரும். கோயில் சொத்தைத் தின்றவன் சிவத்துரோகி. முன்னால் ஒட்டும் சொல்தான் ‘யாருக்கு?’ என்ற கேள்விக்குப் பதில்.

எட்டப்பன் உண்மையில் துரோகியா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பலர் பதிலை முடிவு செய்துகொண்டே கேட்கிறார்கள்.

முதலில், எட்டப்பன் ஒரு தனி ஆளின் பெயர் அல்ல. எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டப்பெயர். இரண்டாவது, 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபின் கட்டபொம்மனை எட்டயபுரத்துப் படை துரத்தியது உண்மை. ஆனால் அவரைப் பிடித்துக் கும்பினியாரிடம், அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம், ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கும்பினித் தளபதி பானர்மேன் அவரைத் தூக்கிலிட்டான். தொண்டைமான் பெயர் வசைச்சொல் ஆகவில்லை, எட்டப்பன் பெயர் ஆயிற்று. நாடகமேடை, தெருக்கூத்து, பிறகு சினிமா என்று வந்த வழியில் வில்லனாக ஒருவர்தான் தேவைப்பட்டார் போலும்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம்: யாருக்குத் துரோகம்? எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எல்லைத் தகராறு நெடுநாளாக இருந்தது. நட்பும் இல்லை, உண்ட சோறும் இல்லை. கட்டபொம்மனுக்கு எட்டப்பன் பகைவர். பகைவர் துரோகம் செய்ய முடியாது. நாட்டுக்குத் துரோகம் என்றால், 1799-இல் நெல்லைச் சீமைப் பாளையக்காரர் ஒருவர் எந்த நாட்டுக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்று சொல்லவேண்டும். அந்த நாடு பின்னால் நம் மனத்தில் பிறந்தது. பிறந்தபின் பழைய கணக்கைத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்பு எழுதியது. அதற்காக எட்டயபுரத்தார் செய்தது வீரம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளையர் பக்கம் நின்றார்கள், வீழ்ந்தவனின் நிலத்தில் பங்கும் வாங்கிக்கொண்டார்கள். ஆதாயத்துக்கு நின்றது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

1882-இல் அதே எட்டயபுரத்தில்தான் ஒரு குழந்தை பிறந்து, அந்த ஊர் அவையிலேயே ‘பாரதி’ என்று பட்டம் பெற்றது. ஊர்ப்பெயரை வைத்து ஆளை எடை போடுபவர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்டுவது.

இலங்கைத் தமிழர் எட்டப்பன் என்பதில்லையா?

அங்கே அந்த இடத்தில் காக்கை வன்னியன். வெள்ளையரை எதிர்த்த வன்னி மன்னன் பண்டாரவன்னியனைக் காட்டிக்கொடுத்தவன் என்று வன்னி மக்கள் வழங்குகிறார்கள். யாழ்ப்பாண மரபில் சங்கிலி மன்னன் கதையிலும் அதே பெயர் வருகிறது.

ஈழத்தில் ‘துரோகி’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு அரசியல் மேடை போலப் பயன்படுத்தாதீர்கள் என்று என்னிடம் வரும் எழுத்தாளர்களிடம் சொல்வதுண்டு. 1975 ஜூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அவர்மேல் ஒட்டப்பட்டிருந்த சொல் இது. எண்பதுகளில் தெரு மின்கம்பங்களில் கட்டப்பட்ட உடல்களின் கழுத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டதும் இதே சொல்தான். விசாரணையும் தீர்ப்பும் அந்த மூன்று எழுத்துக்குள்ளேயே முடிந்துபோன காலம் அது. அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர் முன்னால் இதை வெறும் ஏச்சாக வீச முடியாது.

விபீஷணன் துரோகியா?

வீட்டுச் சண்டையில் ஆம், கோயிலில் இல்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ‘விபீஷண வேலை பார்க்காதே’ என்பார்கள். திருவரங்கத்துத் தலபுராணமோ, பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டதே இலங்கைக்குத் திரும்பும் அந்த விபீஷணனுக்காக என்கிறது.

கம்பன் இதை யாரிடம் விட்டான் பாருங்கள், கும்பகருணனிடம். தம்பி வந்து ‘நீயும் இராமன் பக்கம் வந்துவிடு’ என்கிறான். அண்ணன் பதில்: ‘நீர்க்கோல வாழ்வை நச்சி, நெடிது நாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர் கொடாது, அங்குப் போகேன்.’ நீர்மேல் போட்ட கோலம் போன்ற வாழ்வை விரும்பி, இத்தனை நாள் என்னை வளர்த்து இன்று போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அதே மூச்சில் தம்பியை, நீ விரைந்து இராமனிடமே போய்ச் சேர் என்கிறான். அவன் வாயில் தம்பிக்குத் துரோகிப் பட்டம் வரவில்லை. ஒருவன் அறத்துக்குக் கட்டுப்பட்டான், ஒருவன் சோற்றுக்கு. இரண்டு ‘யாருக்கு’ மோதும்போது என்ன ஆகும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எழுதியவர் இல்லை என்பது என் துணிபு.

தேசத்துரோகம் என்பது சட்டச் சொல்லா?

செய்தித்தாள் சொல். இந்தியச் சட்டத்தில் ஒருவருக்குத் ‘தேசத்துரோகி’ என்று பட்டம் கட்டும் பிரிவு கிடையாது. தமிழ் ஊடகங்கள் அப்படிச் சொல்லிவந்தது தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை. 1870-இல் வெள்ளையர் சேர்த்தது. அது பேசியது அரசின் மேல் வெறுப்பைத் தூண்டுவதைப் பற்றி, தேசத்தைப் பற்றியல்ல. அதனால் அந்தக் காலத் தமிழில் சரியாகவே ‘ராஜத்துரோகம்’ என்றார்கள். 1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனாருக்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது இந்தக் குற்றத்தையும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததையும் சொல்லித்தான். ராஜத்துரோகி என்று சிறையில் செக்கிழுத்தவரைத்தான் மக்கள் தேசபக்தர் என்று கும்பிட்டார்கள். ராஜாவும் தேசமும் வேறு வேறு என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ராஜா போனபின் அந்த இடத்தில் ‘தேச’ என்று ஒட்டிவிட்டோம். அரசைத் திட்டினால் நாட்டைத் திட்டியதாகிவிட்டது. மொழிபெயர்ப்பில் நடந்த பிழை இவ்வளவு பேரைச் சிறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனது வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் 124ஏ பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152-ஆம் பிரிவு இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு இவற்றுக்கு ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. ஊடகம் அதையும் தேசத்துரோகம் என்றே எழுதுகிறது.

கருங்காலி, கோடாரிக்காம்பு, ஐந்தாம்படை: இவையும் அதே பொருளா?

பக்கத்துப் பக்கத்து வீடுகள். வேலைநிறுத்தம் நடக்கும்போது ஆலைக்குள் போய் வேலை செய்பவன் கருங்காலி. ஆங்கிலத் தொழிற்சங்கத்தாரின் ‘பிளாக்லெக்’ தமிழில் இப்படி ஆனது. கருங்காலி மரம் கோடாரிக்குக் காம்பாகி மற்ற மரத்தை வெட்டுவதால் வந்தது என்று விளக்குவோரும் உண்டு. அந்த விளக்கம் ‘குலத்தைக் கெடுக்க வந்த கோடாரிக்காம்பு’ என்ற பழமொழிக்குத்தான் பொருத்தம். இன்று கருங்காலி மாலை போட்டுக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் பழைய தொழிற்சங்கத் தோழர்கள் என்ன நினைப்பார்களோ! ஐந்தாம்படை 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலிருந்து வந்தது: நான்கு படைகள் வெளியிலிருந்து மாட்ரிட்டை நோக்கி வர, ஐந்தாவது ஊருக்குள்ளேயே இருந்தது என்ற பேச்சு.

ஒற்றன் துரோகி அல்ல. அவன் தன் அரசனுக்கு உண்மையாகத்தான் இருக்கிறான்.

‘முதுகில் குத்தினான்’ என்பது தமிழ் வழக்கா?

இப்போது தமிழ்தான். ஆனால் சங்க காலத்தில் முதுகுப் புண் என்றால் வெட்கம் பட்டவனுக்கு. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் ஊடுருவியதால் ஏற்பட்ட புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட்டான். இன்று அந்த வெட்கம் குத்தியவனுடையது. பேச்சில் ‘கழுத்தறுத்துட்டான்’, ‘காலை வாரிட்டான்’, ‘குழி பறிச்சுட்டான்’ என்பவை இன்னும் இயல்பு. இவற்றுள் கழுத்தறுப்புதான் துரோகத்துக்கு நெருக்கம். கால் வாருவது அலுவலகத்தில் தினமும் நடப்பது.

கணவன் மனைவிக்குள் இந்தச் சொல் எப்படி?

‘கட்டினவளுக்குத் துரோகம்’, ‘கட்டினவனுக்குத் துரோகம்’ இரண்டும் சொல்கிறோம். பழைய சட்டம் ஒன்றைத்தான் சொன்னது. தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவில் கணவன் மட்டுமே புகார் கொடுக்கலாம், அதுவும் மற்ற ஆணின் மேல். கணவன் தவறினால் மனைவிக்கு அந்த வழி இல்லை. ‘யாருக்கு?’ என்றால் ‘புருஷனுக்கு’ என்று ஒரே பதில். 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இப்போது குற்றமல்ல, விவாகரத்துக்குக் காரணமாக நிற்கும். செய்தி எழுதுவோர் ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் நல்லது. அதில் காதல்தான் கள்ளமாகிறது, யாருக்கு நோவு என்பது காணாமல் போகிறது.

மலையாள நண்பர் என்னைத் ‘துரோகி’ என்றார். கோபப்படலாமா?

வேண்டாம். மலையாளத்தில் ‘த்ரோஹிக்குக’ என்றால் துன்புறுத்துதல், படுத்தி எடுத்தல். தொல்லை தாங்கவில்லை என்கிறார், அவ்வளவுதான். வடமொழியின் ‘தீங்கு’ அங்கே தங்கிவிட்டது. நம் கிராமங்களிலும் மிச்சம் உண்டு: ‘நான் யாருக்கும் ஒரு துரோகமும் நினைச்சதில்லையே’ என்று கண்கலங்கும் கிழவி சொல்வது அந்தப் பழைய பொருளில்தான். இந்தியில் ‘வித்ரோஹ்’ என்றால் கிளர்ச்சி. நம்பிக்கை கெட்டதற்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருக்கின்றன.

எப்படி எழுதுவது?

துரோகம், துரோகி. ‘துறோகம்’ பிழை. ‘தேசத் துரோகம்’, ‘நம்பிக்கைத் துரோகம்’ என்று ஒற்று மிகவேண்டும். வடமொழித் தொகை என்று சொல்லி ‘தேச துரோகம்’ என எழுதுவோரும் இருக்கிறார்கள். நான் ஒற்று போட்டுவிடுவேன். துரோகி இருபாலுக்கும் பொது. செய்தான், பண்ணினான், இழைத்தான் மூன்றும் சரி. ‘இழைத்தான்’ எழுத்துக்கு மட்டும்.

எதிர்ச்சொல்?

விசுவாசம் என்பார்கள். எனக்கு அதில் நாய் வாசனை அடிக்கும். செஞ்சோற்றுக்கடன் இருக்கிறது, கர்ணனுக்குப் பொருந்தும், மாதச் சம்பளக்காரனுக்குச் சற்றுக் கனம். ‘உண்மையாய் இருத்தல்’ போதும்.

நண்பர்கள் விளையாட்டாகச் சொல்வது தவறா?

இல்லையே. ‘துரோகி! நான் இல்லாம பிரியாணிக்குப் போனீங்களாடா?’ என்று போனில் கத்துபவன் மூன்று விஷயம் சொல்கிறான்: நமக்குள் ஒரு கட்டு இருக்கிறது, நீ அதை மீறினாய், அடுத்த முறை என்னைக் கூப்பிடு. இலக்கணம் துல்லியமாக இருக்கிறது. எனக்குக் கவலை, என் நண்பர்கள் இப்போதெல்லாம் அப்படிக் கத்துவதில்லை, ‘பரவாயில்லை’ என்கிறார்கள்.